ஆற்றங்கரையில் கூப்பிட்ட பெயர்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியது மிகக் கொஞ்சம். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதித் தரும் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். பேச வராதபடியால்தானே எழுதுகிறேன் என்று அவளுக்குச் சொல்லவும் எனக்கு வரவில்லை.

சிட்னியின் மேற்கே, லொறிகளில் சாமான் அடுக்குகிற மரத் தட்டுகளைத் திருத்தும் இடத்தில் வேலை செய்கிறேன். அவற்றைப் பலட் என்போம். உடைந்த பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை வைத்து ஆணி அடிப்பது வேலை. ஒரு மேசைக்கு இரண்டு பேர். பல வருடங்களாக என் மேசையின் மறுபக்கத்தில் நின்றவர் ஒரு செர்பியர். என்னைவிட மூத்தவர், அகலமான மனிதர். ஆணி அடிக்கிற சத்தத்துக்கு இரண்டு பேரும் காதுமூடி போட்டிருப்போம். அதனால் வேலை நேரத்தில் பேச்சு இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் மனைவி போன் எடுத்தாள். கையெல்லாம் மரத்தூள் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இஞ்சருங்கோ, வரேக்குள்ள பென்டில் ஹில் கடையில முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ. முத்தலைத் தூக்கிக்கொண்டு வந்திடாதேங்கோ."

போனை வைத்ததும் செர்பியர் கேட்டார், அவள் உன்னை உன் பெயரால் கூப்பிடவில்லையே என்று. எங்கள் பெண்கள் கணவனின் பெயரைச் சொல்லுவதில்லை, இங்கே பாருங்கள் என்று மட்டும் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அப்படியென்றால் நீ அவளை எப்படிக் கூப்பிடுவாய் என்றார். நானும் அதையேதான் சொல்லுவேன் என்றேன். இஞ்சேர்.

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருடமாக இரண்டு பேரும் இங்கே பார், இங்கே பார் என்கிறீர்கள். யாராவது பார்த்தீர்களா?"

பிறகு, தன் தாயும் தகப்பனின் பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை என்றார். கேட்குதா என்றுதான் கூப்பிடுவாளாம். அவருடைய ஊரில் இதைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கிறது, துருக்கியர் வருவதற்கு முந்திய காலம், அரசர்கள் மலைகளில் வெள்ளைக் கல்லால் மடங்கள் கட்டிய காலம் என்றார். தச்சுப் பென்சிலை எடுத்து, பக்கத்தில் கிடந்த பலகையில் ஒரு ஆறு வரைந்தார். ஆற்றின் பெயரையும் சொன்னார். அது என் வாயில் நிற்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதை மனைவிக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், மகள் வேலைக்காக மெல்பேர்ண் போன பிறகு எங்கள் வீட்டில் கேட்டது சாப்பாட்டுக் கோப்பைச் சத்தம் மட்டும்தான். எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. கதை பேச்சும் இருந்ததில்லை. என் அக்கா யாழ்ப்பாணத்தில் சாதகம் பார்த்து, படம் அனுப்பி, எல்லாம் பொருந்தி, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் தாலி கட்டினேன். அதற்கு முதல் நாங்கள் போனில் பேசியபோதும் அக்காதான் பக்கத்தில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பேசினார்.

கதை இதுதான். ஆற்றின் ஒரு கரையில் ஆலைகளும் வயல்களும் உள்ள ஒரு வீடு. மறுகரையில், மலைமேல், ஆற்றைக் கடக்கும் துறையைக் காவல் காக்கும் ஒரு வீடு. இரண்டு வீட்டுக்கும் மேய்ச்சல் நிலத்தில் பகை. சண்டை போதும், சம்பந்தம் செய்யுங்கள் என்று அரசன் ஆள் அனுப்பினான். மலை வீட்டுக்காரர் பூக் கட்டிய மரக்குடுவையில் வைன் கொண்டுவந்து பெண்ணின் தகப்பனிடம் நீட்டினார்கள். அவர் வாங்கிக் குடித்தால் பெண் கொடுக்கச் சம்மதம். குடித்தார். பெண் அந்த நேரம் கிணற்றடியில் நின்றாள். குடத்தோடு வீட்டுக்குள் வந்தபோதுதான் அவளுக்கு விசயம் தெரிந்தது.

"அவளைக் கேக்கேல்லையோ?" என்றாள் மனைவி.

"கேக்கேல்லையாம்."

"எங்கட அப்பாவும் கேக்கேல்லை. அவருக்கு ஒருத்தரும் வைனும் குடுக்கேல்லை."

அவள் பகிடி விட்டு நான் அதற்கு முன் கேட்டதாக நினைவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சிரித்தேன்.

அடுத்த நாள் நான் வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இண்டைக்கு என்ன நடந்தது?" வேலைத்தலத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, மலை வீட்டைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் எடுக்கப் போவதில்லை. அவனுடைய தம்பி போய்க் குதிரையில் கூட்டி வர வேண்டும். பெண் புறப்படும்போது பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வழி நீளத்துக்கும் அந்தத் தம்பியையே மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வந்தாள். நல்ல கலகலப்பான பையன். மலை வீட்டு வாசலில் இறங்கியபோது, ஒரு பேச்சில்லாத மனிதன் வந்து குதிரையின் கயிற்றைப் பிடித்தான். வேலைக்காரன் என்று நினைத்தாள். அவன்தான் கணவன்.

மனைவி சோற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கும் அதுதானே. எயார்போட்டுக்கு உங்கட ஒண்டுவிட்ட அண்ணாதானே வந்தவர்."

"எனக்கு லீவு தரேல்லை."

"தெரியும். கதைச்சுக் கதைச்சுத்தான் கார் ஓட்டினவர், நல்ல மனுசன். நல்ல காலம், கையில உங்கட படம் இருந்தது." தண்ணீர் குடித்துவிட்டு, "வழியில அவளுக்கு என்ன சாப்பாடு குடுத்தவையாம்? நாளைக்குக் கேளுங்கோ," என்றாள்.

கேட்டேன். செர்பியர் யோசித்துவிட்டு, சீஸும் ரொட்டியும் காய்ந்த பிளம் பழமும் என்றார். அது கதையில் உள்ளதா, அவர் அந்த நிமிடத்தில் போட்டதா தெரியாது. மனைவிக்கு அது போதவில்லை. சூடாக ஒன்றும் இல்லையோ என்று மறுநாளும் கேட்கச் சொன்னாள். இப்படி நான் கதையை வீட்டுக்கும், கேள்விகளை வேலைக்கும் சுமந்தேன். செர்பியருக்கும் அது பிடித்துப்போனது. காலையில் காதுமூடி போடும் முன்பே, "மேடம் என்ன கேட்கிறார்?" என்பார். அவர் பென்சிலால் வரைந்த ஆறும் துறையும் உள்ள பலகைகளை நாங்கள் அழிக்காமலே பலட்டில் அடித்து அனுப்பினோம். அவற்றில் சில மெல்பேர்ணுக்குப் போகும் என்று சொன்னேன். "பிள்ளையின்ர ஊருக்கு ஆறு போகுது," என்றாள் மனைவி.

மலை வீட்டில் கணவன் தன் நாயோடு பேசுவான், குதிரையோடு பேசுவான், மனைவியோடு பேசமாட்டான். கேட்குதா என்பான். அவளும் கேட்குதா என்பாள். முதல் மாரிகாலத்தில் அவள் ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனபோது பனியில் வழுக்கி விழுந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. சில நாட்களில் ஊற்றடியில் புதிதாக ஒரு கல்படி இருந்தது, பனியில் வழுக்காதபடி மேலே கொத்திவிட்ட கல். யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுப் பின்கதவில், உடுப்புக் காயப்போட இறங்கும் இடத்தில், பலட் பலகையில் நான் செய்த படி ஒன்று இருக்கிறது. மனைவி அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"படி போடுற ஆம்பிளையள் எல்லா ஊரிலயும் வாய் திறக்காயினமோ?"

நான் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனேன். அவள் கேட்டது பகிடியாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு யுத்தம் வந்தது. அரசனுக்காக மலை வீட்டு ஆண்களும் பக்கத்து ஊர் ஆண்களும் போனார்கள். மாரி தொடங்கும்போதுதான் திரும்பினார்கள். ஆறு பெருகி, துறை மூடிப்போயிருந்தது. அன்று பின்னேரம் கையை நீட்டினால் விரல் தெரியாத புகார், பனிமூட்டம். ஆண்கள் அந்தக் கரையில், பெண்கள் இந்தக் கரையில். ஆழமில்லாத இடம் எது என்று பெண்களுக்குத்தான் தெரியும், அவர்கள்தான் அங்கே தினமும் துணி வெளுப்பவர்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு இடத்தில் நின்று தன் புருசனைக் கூப்பிட்டாள். கேட்குதா, கேட்குதா, கேட்குதா. எல்லாக் குரலும் ஒரே சொல். ஆற்றுச் சத்தத்தில் எது தன்னுடைய மனைவி என்று எந்த ஆணுக்கும் தெரியவில்லை. யாரோ கூப்பிட்ட பக்கம் இறங்கியவர்களை ஆறு கொண்டுபோனது.

அப்போது மலை வீட்டுக்காரி தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி நின்று, அதுவரை சொல்லாத பெயரைச் சொல்லிக் கத்தினாள். மற்றப் பெண்கள் வெட்கத்தில் முகத்தை மூடினார்கள். அவள் நிறுத்தவில்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அவன் நேராக அவளிடம் வந்து சேர்ந்தான்.

இதை நான் சொல்லி முடித்தபோது மனைவியின் கை கோப்பையிலேயே காய்ந்துபோயிருந்தது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வந்து சேர்ந்தாப் பிறகு, அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவனோ?"

"தெரியேல்லை."

"கேளுங்கோ."

அவள் என் பெயரைச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். நான் அவளுடைய பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கமும் இல்லை. எத்தனையோ ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு முதல் நாள் வாய் வரவில்லை. கூச்சம். இரண்டாம் நாளும் வரவில்லை. பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் இன்று சொன்னால் என்ன நினைப்பாள் என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. டொக்டரிடம் சொல்லுவேன், கோயிலில் அர்ச்சனைக்கு ஐயரிடம் சொல்லுவேன். அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

மறுநாள் செர்பியரிடம் கேட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகினார்.

"கதையில் அவனுக்குப் பெயர் இருக்கிறது," என்றார். "அவளுக்கு இல்லை. அவளை மலை வீட்டுக்காரி என்றுதான் சொல்லுவார்கள். அவளுடைய பெயரை எங்கள் ஆட்கள் வைத்திருக்கவில்லை." என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பிறகு சொன்னார். "உன் மனைவியின் பெயரைப் போடு. வந்து சேர்ந்தான், இந்தப் பெயரைச் சொன்னான் என்று சொல்லு. கதை கோபிக்காது."

அன்று வேலை முடிந்து காரில் வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தண்ணீரிலிருந்து ஏறினான், தொப்பியைப் பிழிந்தான், அவளைப் பார்த்து இந்தப் பெயரைச் சொன்னான். சிவப்பு விளக்கில் நின்றபோது சத்தமாகவே சொன்னேன். நல்லாக வந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் சொன்னேன்.

மனைவி தேத்தண்ணீரோடு வந்து முன் கதிரையில் இருந்தாள். அவள் வழக்கமாக அந்த நேரத்தில் வந்து உட்காருவதில்லை, சமையல் இருக்கும்.

"கேட்டனீங்களோ?"

அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "மறந்துபோனன்," என்றேன்.

"சரி," என்றாள். தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அதற்குப் பிறகு அவள் கதையைப் பற்றிக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பாள், அப்போது சொல்லலாம் என்று நான் இருந்தேன். செர்பியர் ஓய்வு பெற்று மகனோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது, மேடத்துக்குக் கதை பிடித்ததா என்று கேட்டார். பிடித்தது என்றேன்.

போன வருடம் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்தார்கள். முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அவள் கண் திறக்காமல் கிடந்தாள். தமிழ்நாட்டு நர்ஸ் ஒருத்தி இருந்தாள். "மயக்கம் தெளிஞ்சிருச்சு சார், தூக்கம்தான். பேர் சொல்லிக் கூப்பிடுங்க, தெரிஞ்ச குரல்னா முழிச்சுக்குவாங்க," என்றாள்.

நான் குனிந்தேன். "இஞ்சேர்," என்றேன். அவள் அசையவில்லை. கொஞ்சம் சத்தமாக, "இஞ்சேர், இஞ்சேர்," என்றேன்.

"ஓம், இஞ்சைதானே கிடக்கிறன்," என்று பதில் வந்தது. வந்தது பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து. யாரோ ஒரு வயதான அம்மா. "ஏனப்பா இவ்வளவு நேரம்? ஃபிளாஸ்க் கொண்டுவந்தனீங்களோ?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகாருக்குள் ஆற்றங்கரையில் நின்ற பெண்களை நினைத்தேன். எல்லாக் குரலும் ஒரே சொல்.

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நர்ஸ் கைப்பட்டையில் இருந்த பெயரைப் பார்த்து, மனைவியின் தோளைத் தட்டி, அவளுடைய பெயரை முழுதாகச் சொல்லி, "அக்கா, எந்திரிங்க," என்றாள். மனைவி உடனே கண்ணைத் திறந்தாள்.

பின்னேரம் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள். "ஆரோ என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. நீங்களோ?"

அவள் முகத்தில் இருந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை. அந்த நர்ஸ் பிள்ளை," என்றேன்.

"ஓ," என்று சொல்லிக் கரண்டியைப் பார்த்தாள்.

அன்று காரில் தனியாகத் திரும்பும்போது கணக்குப் பார்த்தேன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாயும் தகப்பனும் இப்போது இல்லை. மகளுக்கு அவள் அம்மா. தெருவில் அன்ரி. வேலை செய்யும் இடத்தில் நீளம் என்று பாதியை வெட்டிவிட்டார்கள். இந்த நாட்டில் அவளுடைய பெயர் கடிதங்களின் மேல் மட்டும்தான் இருந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கோயிலில் அர்ச்சனைத் தட்டை ஐயரிடம் கொடுக்கும்போது, மற்றப் பெண்களைப் போல் அவளே பெயரும் நட்சத்திரமும் சொல்லமாட்டாள். "நீங்களே சொல்லுங்கோ," என்று என்னை முன்னுக்கு விடுவாள். நான் சொல்லும்போது தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு நிற்பாள். சாமியைக் கும்பிடுகிறாள் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

அதிலிருந்து வேலையில் காதுமூடி போட்டுக்கொண்டு அவளுடைய பெயரைச் சொல்லிப் பழகினேன். மேசைக்கு மறுபக்கம் நிற்கும் புதியவருக்கு அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பழகிப் பழகி ஒரு வருடம் போனது.

இன்று காலை உடுப்புக் காயப்போட்டிருந்தது. நான் பின்வளவில் நின்றேன், அவள் குசினியில் நின்றாள். தூறல் தொடங்கியது. யோசிக்க நேரம் இருக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவள் பின்கதவுக்கு வரவில்லை. யன்னலுக்குள்ளால் பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு முன்கதவுக்குப் போனாள். திறந்து வாசலைப் பார்த்தாள். தெருவையும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்தாள்.

"ஆரோ வந்து கூப்பிட்டது கேட்டது. ஒருத்தரையும் காணேல்லை."

"நான்தான்," என்றேன்.

நான் போட்ட அந்தப் படியில் நின்றபடி என்னைப் பார்த்தாள். எனக்குத் தலை குனிந்தது, ஆனால் இந்த முறை மறந்துபோனன் என்று சொல்லவில்லை. உடுப்பெல்லாம் நனைந்துகொண்டிருந்தது.

"அப்ப அவன் கூப்பிட்டவன்," என்றாள்.

யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று விளங்கியது. "ஓம்," என்றேன். "கூப்பிட்டவன்."

"நல்லாச் சுணங்கிப்போனான்," என்று சொல்லிவிட்டு, மழைக்குள் இறங்கி வந்து கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கத் தொடங்கினாள்.

பென்டில் ஹில், 2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை.